ஜப்பான் தெரு எரிந்த நாள்

ஓடுகிறேன். அம்மா என் இடது கையைப் பிடித்திருக்கிறாள். அப்பா முன்னால். அண்ணன் பின்னால். தெரு குறுகலானது. இரண்டு பக்கமும் கடைகள். எல்லாம் பூட்டியிருக்கின்றன. தலைக்கு மேலே தெருவின் நீளத்துக்கும் தார்ப்பாய். வெளிச்சம் பச்சையாக இறங்குகிறது. பிறகு சிவப்பாக.

"சாய்! சாய்!"

எல்லாரும் அதைத்தான் கத்துகிறார்கள். வியட்நாமிய மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். குரலை ஏற்றிச் சொன்னால் தீ. அழுத்தி இறக்கிச் சொன்னால் ஓடு. யார் எதைச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. அன்று இரண்டும் ஒன்றுதான்.

பின்னால் மூங்கில் வெடிக்கிறது. துப்பாக்கிச் சத்தம் வேறு. அது உலர்ந்த சத்தம். இரண்டு நாளாகக் கேட்டுப் பழகிவிட்டது. மூங்கிலுக்குள் காற்று இருக்கிறது. டொப்பென்று வெடித்த பிறகு நீளமாக ஒரு மூச்சு விடும். மேலே ஹெலிகாப்டர். அதன் சத்தம் காதில் கேட்கவில்லை. பல்லில் கேட்கிறது.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு. சைகோன் நகரம். சோலோன் பகுதி. குரங்கு வருடப் புத்தாண்டின் மூன்றாம் நாள். பகல் நேரம்.

என் பெயர் மதலேன். இப்போது எழுபத்து நான்கு வயது. புதுச்சேரியில் கருவடிக்குப்பத்தில் இருக்கிறேன். தனியாக. ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட்டில் துணி விற்கிறேன். அன்று எனக்குப் பதினேழு.

அந்தத் தெருவைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். இப்போது அதைப் பற்றிச் சொல்ல வேறு யாரும் இல்லை.

அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரும் சொன்னதில்லை. தமிழ் ஆட்கள் ஜப்பான் தெரு என்றார்கள். உலகப் போருக்கு முன்னால் அங்கே ஜப்பான்காரர்கள் கடை போட்டிருந்தார்கள். பட்டுத்துணி, குடை, பீங்கான் கிண்ணம், பொம்மை. ஒரு போட்டோ ஸ்டூடியோ. சாயங்காலமானால் ஒவ்வொரு கடை வாசலிலும் காகித விளக்கு தொங்குமாம். பிறகு ஜப்பான் பட்டாளம் வந்தது. ஆடின ஆட்டம் முடிந்தது. தோற்றார்கள். பட்டாளம் கப்பலேறியது. கடைக்காரர்களும் போனார்கள். விளக்கு மாட்டிய கொக்கிகள் மட்டும் சுவரில் இருந்தன. நாங்கள் அதில் துணிக்கட்டு தொங்கவிட்டோம்.

காலியான கடைகளுக்குச் சீனர்கள் வந்தார்கள். காரைக்கால் பாய்மார்கள் வந்தார்கள். பிறகு எங்கள் அப்பா.

அப்பா பெயர் சவரிநாதன். புதுச்சேரியில் மில்லில் தறி ஓட்டியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து சைகோன் போனார். அங்கே அம்மாவைப் பார்த்தார். அம்மா பெயர் ஹான். அதே தெருவில் கஞ்சி விற்றுக்கொண்டிருந்தாள். அப்பா பட்டாளத்திலிருந்து விலகினார். ஊருக்குத் திரும்பவில்லை. துணிக்கடை வைத்தார்.

எங்கள் கடைக்குக் கதவில்லை. சுவரோடு ஒரு பெரிய பெட்டி. அதற்கு முன்னால் துணி வெட்டுகிற மேசை. அந்த மேசைப் பலகை ஒரு பழைய ஜப்பான் கடையின் பெயர்ப் பலகை. அப்பா அதைத் திருப்பிப் போட்டிருந்தார். சின்ன வயதில் அடியில் புகுந்து படுத்துக்கொண்டு அந்த எழுத்துகளை விரலால் தடவுவேன். ஆழமாகச் செதுக்கியிருந்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று மோரியைக் கேட்டேன். படுத்துப் பார்த்துவிட்டு, "துணிக்கடை" என்றார். அப்பா வெகுநேரம் சிரித்தார்.

மோரி எங்களுக்கு ஆறேழு கடை தள்ளிக் குடைக்கடை வைத்திருந்தார். அந்தத் தெருவின் கடைசி ஜப்பான்காரர். போருக்கு முன்னால் கடைச் சிப்பந்தியாக வந்தவர். மற்றவர்கள் போனபோது அவர் போகவில்லை. ஜப்பானில் அவருடைய ஊரை விமானங்கள் வந்து எரித்துவிட்டன. வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. அப்போது அவர் இங்கே குடை விற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கால் சரியில்லை. குழந்தை குட்டி இல்லை. கடைக்குள்ளேயே படுக்கை. மத்தியானம் எங்களோடு சாப்பிடுவார். தமிழில் மூன்று வார்த்தை தெரியும். வாங்க. எவ்வளவு. ரொம்ப ஜாஸ்தி.

காலையில் தெருவைக் கழுவி விடுவார்கள். தண்ணீர் கல்லுக்கு நடுவே ஓடும். மீன் கடைப் பக்கம் சரிவு. எல்லாம் அங்கே போய்ச் சேரும். நூடுல்ஸ்காரர் இரண்டு கட்டையைத் தட்டிக்கொண்டு வருவார். டக் டக், டக். டிரான்சிஸ்டர்கள் பாடும். அறுபதுகளில் மறுபடியும் எல்லாம் ஜப்பான் சாமான். ரேடியோ ஜப்பான். மோட்டார் சைக்கிள் ஜப்பான். நாங்கள் விற்ற நைலானும் ஜப்பான். ஆட்கள் இல்லை. சரக்கு திரும்பி வந்துவிட்டது. அமெரிக்கச் சிப்பாய்கள் வாங்கினார்கள். அவர்களுடைய பெண்கள் வாங்கினார்கள். பூப்போட்ட நைலானுக்கு அடிதடி. அப்பாவுக்கு அது பிடிக்காது. விரலில் உரசிப் பார்த்து, "இது துணியே இல்லடி. கண்ணாடி" என்பார். ஆனாலும் விற்றார்.

தார்ப்பாய்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அங்கே மழை அதிகம். கடைக்காரர்கள் சேர்ந்து தெருவுக்கே ஒரு கூரை போட்டார்கள். மூங்கில் நட்டு, ஒரே வடக்கயிற்றை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக் கட்டினார்கள். பாய்களை அதில் கோத்தார்கள். கயிறு இறுக்கமாக இருந்தால் தண்ணீர் தேங்காது. நல்ல ஏற்பாடு. எல்லாரும் பாராட்டினார்கள்.

புத்தாண்டுக்கு முந்தைய வாரம் தெரு நிரம்பி வழிந்தது. மஞ்சள் பூக்கிளை, தர்பூசணி, சிவப்புக் காகிதம், பட்டாசு. புத்தாண்டின் முதல் நாள் இரவு சத்தம் தொடங்கியது. பட்டாசு என்றார் அப்பா. விடிந்தும் நிற்கவில்லை. அம்மாதான் முதலில் சொன்னாள், இது பட்டாசு இல்லை என்று. நாங்கள் கடைக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை அறையில் இருந்தோம். இரண்டு நாள் அறைக்குள்ளேயே கிடந்தோம். ஊருக்குள் ஆயுதத்தோடு கம்யூனிஸ்ட் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றது ரேடியோ. எங்கள் தெருவின் மீன் கடைப் பக்கத்திலும் வந்திருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒலிபெருக்கி வெளியேறச் சொன்னது. வெளியேற நேரம் தரவில்லை. அமெரிக்க ஹெலிகாப்டர் ராக்கெட் போட்டது. மீன் கடைப் பக்கம் பற்றிக்கொண்டது. காற்று எங்கள் பக்கம் அடித்தது.

சந்திலிருந்து வெளியேறத் தெரு ஒன்றுதான் வழி. அதனால்தான் அதில் ஓடினோம்.

பாதித் தெரு தாண்டிவிட்டோம். அம்மா நிற்கிறாள்.

"மோரி?"

அவ்வளவுதான் சொன்னாள். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அண்ணன் திரும்புகிறான்.

அண்ணன் பெயர் பியேர். இருபது வயது. நல்ல உயரம். அப்பாவின் நிறம், அம்மாவின் கண். ரேடியோ பழுது பார்ப்பான். எங்கள் கடையின் ஒரு மூலையை அவனுக்குக் கொடுத்திருந்தார் அப்பா. எப்போதும் விரலில் ஈய வாசனை.

"டேய் பியேர்! வேணாண்டா! திரும்புடா!"

"நீங்க போங்கப்பா. தோ வந்துட்டேன்."

ஓடினான். நாங்கள் நின்றோம். அப்பா அம்மாவை முன்னால் தள்ளினார். நான் திரும்பிப் பார்த்தேன். இதை நான் பார்த்தேன். மோரி கடையின் பலகையை அண்ணன் காலால் உதைத்தான். இரண்டு முறை. உள்ளே போனான். வெளியே வந்தான். மோரி அவன் முதுகில் இருந்தார். கைகளை அண்ணன் கழுத்தில் கோத்திருந்தார். அண்ணன் குனிந்தபடி ஓடி வந்தான். என்னைப் பார்த்தான். முகம் தெளிவாகத் தெரிந்தது. எங்களுக்கு நடுவில் நாலைந்து கடைதான்.

பிறகு கயிறு அறுந்தது.

மீன் கடைப் பக்கம் எரிந்ததால் அறுந்தது. ஒரே கயிறு. இறுக்கம் போனதும் கூரை முழுவதும் இறங்கியது. அந்த முனையிலிருந்து இந்த முனையை நோக்கி. பாய் விரிப்பது போல. எரிந்தபடி. சத்தம் பெரிதாக இல்லை. கனத்த ஈரத்துணியைக் கல்லில் போட்ட மாதிரி ஒரு சத்தம். அண்ணன் இருந்த இடத்தில் அண்ணன் இல்லை. நெருப்பு இருந்தது. பருத்தி எரியும். நைலான் உருகும். உருகிச் சொட்டும். சொட்டு விழும்போது ஸ் என்று ஒரு சீழ்க்கை. தெரு முழுக்க அந்தச் சீழ்க்கை.

பாய் எங்களை எட்டும் முன் அப்பா என் தலைமுடியைப் பிடித்துத் தெருமுனைக்கு இழுத்தார். நான் கத்தினேனா என்று தெரியவில்லை. என்னைச் சுற்றி எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாதா கோயிலில் தங்கினோம். தரையில் படுத்தோம். நான் பார்த்ததை அன்றே சொன்னேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கேட்டார்.

"பாயி வுழுந்ததப் பாத்த. சரி. அவன் வுழுந்ததப் பாத்தியா?"

"அதுக்குக் கீழதாம்பா இருந்தான்."

"அவன் வுழுந்ததப் பாத்தியா?"

"இல்லப்பா."

"அப்போ சும்மா இரு."

சண்டை ஓய்ந்து தெருவுக்குள் விட்டபோது உடல்களை ஏற்கெனவே லாரியில் எடுத்துப் போயிருந்தார்கள். எங்கே என்று கேட்டோம். ஒவ்வொருவர் ஒவ்வொரு இடம் சொன்னார்கள். எல்லா இடத்துக்கும் போனோம். தெரு சாம்பலாக இருந்தது. மழை பெய்யாததால் சாம்பல் அப்படியே கிடந்தது. நைலான் கல்லில் உறைந்திருந்தது. கறுப்பாக, வழவழவென்று. அப்பா அதைக் கத்தியால் சுரண்டினார். வரவில்லை. மோரி கடை இருந்த இடத்தில் குடைக் கம்பிகள். நூற்றுக்கணக்கில். மனிதர்கள் யாரும் இல்லை.

அப்பா ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். பட்டாளத்தின் முகாமுக்குப் போனார். சிறைக்குப் போனார். நாங்கள் பிரெஞ்சுப் பிரஜைகள் என்பதால் பிரெஞ்சுத் தூதரகத்துக்கும் போனார். என்னையும் அழைத்துப் போனார். அங்கிருந்த அதிகாரி தன்மையாகப் பேசினார். பார்த்தவர் சாட்சி சொன்னால் இறப்பைப் பதிவு செய்யலாம் என்றார். என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்கும் முன் அப்பா எழுந்துவிட்டார். வெளியே படியில் நின்று சொன்னார்.

"நாமளே அவன சாவடிக்கணுமா? வந்துட்டேன்னு சொல்லிட்டுப் போன புள்ளடி அவன். போறேன்னு சொல்லல. வந்துட்டேன்னான்."

அதன் பிறகு எங்கள் வீட்டில் பியேர் இறந்தான் என்று யாரும் சொன்னதில்லை. இறக்கவில்லை என்றும் சொன்னதில்லை. அவன் பெயர் வரும் இடத்தில் எல்லாரும் கொஞ்சம் நிறுத்திவிட்டு வேறு பேசினோம்.

தெருவைத் திரும்பக் கட்டினார்கள். இந்த முறை தகரக் கூரை. பழைய கடைக்காரர்களில் பாதிப் பேர் வரவில்லை. அப்பா வந்தார். அதே இடம், அதே சுவர். மேசைப் பலகை எரிந்துவிட்டது. வேறு பலகை போட்டோம். வாடகை ஏறியது. வியாபாரம் படுத்தது. காரைக்கால் பாய்மார்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். அப்பா மறுத்தார். மகன் வந்தால் கடையைத்தானே தேடுவான் என்றார். அம்மா தலையாட்டினாள். ஏழு வருடம் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தோம். தகரத்தில் மழை பெய்தால் பேச முடியாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

எழுபத்தைந்தில் கம்யூனிஸ்ட் படையின் டாங்கிகள் வந்தன. போர் முடிந்தது என்றார்கள். தெருவில் கொடிகள் மாறின. பிறகு தனியார் கடைகள் கூடாது என்றார்கள். சரக்கை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் பிரெஞ்சுக்காரர்களை அனுப்பி வைத்த விமானத்தில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. கிளம்பிய காலையில் அப்பா கடைச் சுவரில் பெயின்டால் எழுதினார். புதுச்சேரி போகிறோம். தமிழில், பிரெஞ்சில். வியட்நாமிய மொழியில் அம்மா எழுதினாள்.

புதுச்சேரியில் அப்பாவின் ஆட்கள் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். குறை சொல்லமாட்டேன். அம்மாவைச் சீனாக்காரி என்றார்கள். அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. எதுவும் வரவில்லை. தமிழ் புரியும், பேசமாட்டாள். என்னோடு மட்டும் அவள் மொழியில் பேசுவாள். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையோரத்தில் துணி விரித்தார். மில் பிட்டுத் துணி, துண்டு, பிறகு நைட்டி. கடைசிவரை நைலான் விற்கவில்லை. சைகோனிலிருந்து யாராவது வந்திருப்பதாகக் கேள்விப்பட்டால் உடனே போய்ப் பார்ப்பார். திரும்பி வந்து துணிகளை மடித்து அடுக்குவார். ஒரு நாள் கடையில் உட்கார்ந்தபடியே இறந்தார். துணி வாங்க வந்த அம்மாள்தான் முதலில் கவனித்தாள்.

நான் கடையைத் தொடர்ந்தேன். திருமணம் வேண்டாம் என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. அம்மா எண்பத்தாறு வயதுவரை இருந்தாள். அவள் போன பிறகு வியட்நாமிய மொழி பேச ஆள் இல்லை. சில வார்த்தைகள் மறந்துவிட்டன. மறந்தது எந்த வார்த்தைகள் என்றும் தெரியவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்?

போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. சண்டே மார்க்கெட்டில் நிற்க இடமில்லை. டீசர்ட் விற்கிறவர்கள் கூவுகிறார்கள். எனக்கு அடுத்த கடை செல்வியுடையது. தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் மூட்டையோடு வருவாள். நாற்பது வயது இருக்கும். குழந்தைத் துணி விற்கிறாள். பத்து வருடப் பழக்கம். ஆனால் என்னைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. எதிர்ப்பக்கம் ஒரு கடையில் பல்பு ஒயர் பொறி தட்டியது. தார்ப்பாய் பற்றிக்கொண்டது. கூட்டம் ஒரே சமயத்தில் பின்வாங்கியது.

"யம்மா! எந்திரி! தீ புடிச்சிக்கிச்சி! எந்திரிம்மா!"

செல்வி கத்துகிறாள். நான் உட்கார்ந்திருக்கிறேன். கால் மரத்துப்போகவில்லை. பயமும் இல்லை. நான் கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கடைக்கும் தனித்தனிக் கயிறு. விளக்குக் கம்பத்தில் ஒன்று, ஜன்னல் கம்பியில் ஒன்று. பாய் எரிந்தால் அந்தப் பாய் மட்டும்தான் விழும். அதைச் செல்வியிடம் சொல்ல நினைத்தேன். அவள் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இழுத்துக்கொண்டு போனாள். சர்பத் வண்டிக்காரர் டிரம்மோடு தண்ணீரை ஊற்றினார். டீக்கடைக்காரர் குடம் குடமாக ஊற்றினார். அணைந்துவிட்டது. ஒரு பாய், கொஞ்சம் சட்டைகள். யாருக்கும் காயமில்லை. சிறிது நேரத்தில் மறுபடி கூவத் தொடங்கினார்கள்.

செல்வி என்னைப் பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார வைத்தாள்.

"ஏம்மா அப்பிடியே குந்திக்கினு இருந்த? பயமா இல்லியா உனுக்கு?"

சொன்னேன். எங்கிருந்து தொடங்கினேன் என்று நினைவில்லை. சைகோன் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அது தேவைப்படவும் இல்லை. தெருவைச் சொன்னேன். மோரியைச் சொன்னேன். பியேர் திரும்பி ஓடியதைச் சொன்னேன். கூரை இறங்கியதைச் சொன்னேன். வாடிக்கையாளர் ஒருத்தி வந்து விலை கேட்டாள். செல்வி கையசைத்து அனுப்பிவிட்டாள். பிறகு கேட்டாள்.

"அப்போ உங்க அண்ணன் அங்கியே செத்துட்டாரா?"

இத்தனை வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. உறவுக்காரர்கள் கேட்டதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கேட்டதில்லை. சாதாரணமாகக் கேட்டாள், மழை விட்டுடுச்சா என்று கேட்பது போல.

"ஆமாம்" என்றேன்.

என் குரல் மாறவில்லை. அழுகை வரவில்லை. வரும் என்று எங்கேயோ எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. செல்விதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பேரு இன்னாம்மா?" என்றாள். சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு அது பீரு என்றுதான் வந்தது. நான் திருத்தவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். எண்ணிக்கை சொல்லாமல் முடிக்கக்கூடாது.

ஒரு தெரு. இரண்டு வரிசைக் கடைகள், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது. நான் திரும்பிப் போகவில்லை.

பூட்டிய கடைகளுக்குள் படுத்திருந்தவர்கள். எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. எனக்கு முகம் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் நாலு பேருக்கு எனக்குப் பெயர் தெரியாது. அம்மாவுக்குப் பிறகு அங்கே கஞ்சி விற்றவள், மீன்காரரும் அவர் மனைவியும், கட்டை தட்டுகிற நூடுல்ஸ்காரர்.

மோரி. வயது தெரியாது. அவருக்காக அழ ஜப்பானிலும் ஆள் இல்லை, சைகோனிலும் இல்லை.

என் அப்பா சவரிநாதன். என் அம்மா ஹான். இவர்கள் பிறகு, படுக்கையிலும் கடையிலும், வயதாகி இறந்தார்கள். ஆனாலும் இவர்களையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

என் அண்ணன் பியேர். இருபது வயது. ஜப்பான் தெருவில், புத்தாண்டின் மூன்றாம் நாள், பகலில், முதுகில் ஒருவரைச் சுமந்துகொண்டு வரும்போது இறந்தான்.